உதவி வந்து சேரும் வழியை வகுப்பவர் யார்?

அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவிப்பது ஒரு காரியம். அத்திட்டத்தின் பயன் அங்கத்தினர் கைக்கு வந்து சேர்வது வேறொரு காரியம். முன்னதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, சட்டசபையிலும் பேசுகிறார்கள். பின்னதைப் பற்றிப் பேசுவோர் அநேகமாக நம் சங்கக் கட்டடத்துத் திண்ணையில் காத்திருப்பவர்களே. எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்வது, எந்த நாளில் யாரிடம் கொடுப்பது, எத்தனை முறை அலைவது, பணம் எவ்வழியாக வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது ஆகிய யாவற்றையும் யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்து தீர்மானித்திருக்க வேண்டும். அல்லது ஒருவருமே தீர்மானிக்காமல், ஒரு கோப்பின் மேல் மற்றொரு கோப்பாகச் சேர்ந்து, தானாகவே அப்படி அமைந்துவிட்டிருக்க வேண்டும். இரண்டாவதே பெரும்பாலும் உண்மை என்பது நமது அபிப்பிராயம்.

பிரிட்டனில் 2011-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் டிஜிட்டல் சேவைக்கெனத் தனிப் பிரிவொன்று ஏற்படுத்தப்பட்டது. அப்பிரிவு 2012-இல் வெளியிட்ட நெறிகளில் முதலாவது, சேவையை நாடி வருபவரின் தேவையிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதாகும். அலுவலகத்தின் சௌகரியம் அதற்குப் பின்னரே வரும். 'சேவை வடிவமைப்பாளர்' என்றொரு உத்தியோகமும், அதில் இளநிலை முதல் தலைமை வரை படிகளும் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. தலைமைப் படியில் இருப்பவர் படம் வரைபவர் மட்டுமல்லர். பல இலாக்காக்களை ஒன்றாக உட்காரவைத்து, விண்ணப்பிக்கும் கணத்திலிருந்து பயன் கிடைக்கும் கணம் வரை முழு வழியையும் தம் பொறுப்பாக ஏற்பவர். இத்தகைய ஒருவர் நம் மாநிலத்தில் ஒவ்வொரு இலாக்காவின் தலைமையிலும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், அவர் எதற்குப் பொறுப்பாளி என்பதை நமது அனுபவத்தைக் கொண்டு சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம்.

நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் படிக்கும் இவ்வேட்டில் ஆலந்தலையை எடுத்துக்காட்டாகக் கொள்வது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கு வடக்கே அமைந்த இவ்வூர், முத்துக்குளித்துறைக் கரையின் பழைய ஏழு துறைகளில் ஒன்று. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு ஆகியவை ஏனைய ஆறு. கடற்கரை ஊரின் கடிகாரமும் அலுவலகத்தின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. வள்ளம் விடியுமுன் கடலிறங்குகிறது. அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது. வள்ளம் கரை சேர்ந்து மீன் ஏலம் போகும் வேளையும் அலுவலக வேளையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஞாயிற்றுக்கிழமை இக்கரையோர்க்குக் கோயில் நாள், கடலுக்குச் செல்வதில்லை. அவர்கள் ஊரில் இருக்கும் அந்த ஒரு நாளில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும்! குழித்தறியில் பாவு ஏற்றிவிட்டு எழ முடியாத நெசவாளருக்கும், முறைத் தண்ணீர் வரும் நாளில் வயலை விட்டு நகர முடியாத விவசாயிக்கும் இதே முரண்பாடு உண்டு. கடற்கரையில் அது கண்ணுக்கு எளிதில் புலப்படுகிறது, அவ்வளவே.

அரசாங்கச் சேவையை வகுத்தமைக்கும் கலை இக்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். பருவம் வந்ததும் வெறும் மணற்கரையில் ஒரு தற்காலிகப் பட்டணமே எழும். ஆயிரக்கணக்கான சிப்பிகளைப் படகிலிருந்து இறக்கிக் கொட்டுக்குள் கொண்டுவருவார்கள். அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளிப்பவருக்கு ஒரு பங்கு. அதைப் பிரித்த முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. குளிப்பவர்களே தம் சிப்பிகளை மூன்று குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு குவியல்கள் அரசாங்கத்துக்கு என்பதை உத்தியோகஸ்தர் சுட்டிக்காட்டுவார். பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் மற்றொருவர். ஒரு குவியலைப் பெரிதாக வைத்தால் அது தம் கையை விட்டுப் போய்விடும் என்பதால் குளிப்பவர் நேராகவே பிரிப்பார். எண்ணிப் பார்க்கக் குமாஸ்தாக்கள் கூட்டம் வேண்டியதில்லை, மனு வேண்டியதில்லை, மேல்முறையீடும் வேண்டியதில்லை. தமக்குரிய குவியலை அன்றே எடுத்துக்கொண்டு வெளியே சென்று விற்றுவிடலாம். மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது நியாயமா என்பது வேறு வழக்கு. அதில் நமது அனுதாபம் மூச்சடக்கி மூழ்கியவன் பக்கமே. ஆயினும் கணக்கு அன்றைக்கன்று, கண்ணெதிரே, வாதமின்றித் தீர்ந்த அந்த ஏற்பாட்டை அமைத்தவர்கள் மனித சுபாவம் அறிந்தவர்கள். தூத்துக்குடியில் கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி வளம் திரும்பவில்லை.

இதே கரையில் மற்றொரு ஏற்பாடும் இருந்தது. உப்பு வரி கடுமையாக இருந்த காலத்தில், மீனைப் பதப்படுத்த மீனவரால் உப்பு வாங்க இயலவில்லை. உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதமிட்டார்கள், சரக்குக் கெட்டது. இதைக் கண்ட சென்னை அரசாங்கம் கடற்கரையெங்கும் மீன் பதனிடும் முற்றங்களை நிறுவியது. வரியில்லாத உப்பு அங்கே அடக்க விலைக்குக் கிடைக்கும். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் அந்த உப்பு முற்றத்தின் வேலிக்கு வெளியே ஒரு பிடி கூடப் போகக்கூடாது! ஆகவே மீனவர் மீனை அங்கே சுமந்து வந்து, உப்பு இலாக்கா உத்தியோகஸ்தரின் கண்காணிப்பில், அவர் குறித்த நேரத்தில் பதமிட வேண்டியிருந்தது. முற்றத்துக்கு அருகில் இருந்தவர் பயனடைந்தார். தொலைவில் இருந்தவர் உவர்மண்ணோடு நின்றார். உதவி செய்யும் எண்ணத்தைக் காட்டிலும், திருட்டைத் தடுக்கும் எண்ணம் அந்த வேலியின் அமைப்பில் மேலோங்கி நின்றது. இன்றைய பல படிவங்களைப் பார்க்கும்போது நமக்கு அந்த வேலிதான் நினைவுக்கு வருகிறது. பத்துப் பேரில் ஒருவர் ஏமாற்றிவிடுவாரோ என்ற அச்சத்துக்காக ஒன்பது பேர் சான்றிதழ் சுமக்கிறார்கள்.

கூட்டுறவாளர்கள் மறக்கக்கூடாத பெயர் ஒன்று இவ்விடத்தில் வருகிறது. சர் பிரடெரிக் நிக்கல்சன் இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர் என்பதை நம் பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் படித்திருப்போம். விவசாயக் கடனுக்கு வழி காணுமாறு சென்னை அரசாங்கம் அவரைப் பணித்தபோது, அவர் ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளை ஆராய்ந்ததோடு நிற்கவில்லை. சென்னை மாகாணத்து நிதிகளையும் கூர்ந்து நோக்கினார். அவருடைய அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. அதன் பயனாகவும் வேறு பல முயற்சிகளின் பயனாகவும் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திரூர் சங்கம் பதிவாயிற்று. பலருக்குத் தெரியாத செய்தி, அதே நிக்கல்சன்தான் 1905 முதல் சென்னை மாகாண மீன்பிடித் தொழிலை ஆராயும் பணியையும் ஏற்றார் என்பது. ஜப்பானியர் மீன்பிடி முறைகளை ஆராய்ந்து எழுதினார். 1907-இல் மீன்வளத்துக்கென ஓர் அலுவலகம் அமைந்தது. அதன் மதிப்புறு இயக்குநராகப் பல்லாண்டு உழைத்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல், தூத்துக்குடியில் முத்து, சங்கு ஆராய்ச்சியில் காலம் கழித்தவர்.

நிக்கல்சனிடம் நாம் வியப்பது அவருடைய படிப்பை மட்டுமன்று. ஜெர்மனியில் ரெய்பைசன் என்பவர் நடத்திய சங்கங்களைக் கண்டு, அச்சட்டத்தைப் பெயர்த்து எழுதினால் போதும் என்று அவர் கருதவில்லை. சங்கம் ஒரு சிற்றூர் அளவில் இருக்க வேண்டும், அங்கத்தினர் ஒருவரையொருவர் அறிந்தவராக இருக்க வேண்டும், அத்தகைய சங்கத்தை ஊரில் இருந்தே தாங்கிப் பிடிக்க ஒரு மனிதர் வேண்டும் என்று கண்டார். சட்டம், கணக்கு, மனிதர் ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் அடங்கின. இதுவே தலைமைச் சேவை வடிவமைப்பாளரின் முதல் தகுதி எனலாம். இன்று ஒரு திட்டத்துக்குச் சட்டம் எழுதுபவர் ஒருவர், கணினி நிரல் எழுதுபவர் வேறொருவர், பணம் ஒதுக்குபவர் இன்னொருவர், கிராமத்தில் வசவு வாங்குபவர் நம்மைப் போன்றவர். நால்வரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

இரண்டாவது தகுதி, தேய்ந்த விரலை அறிந்திருத்தல். தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தது. போலிப் பட்டியலை ஒழிக்க இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயின் நைலான் கயிறும் உப்பு நீரும் அரித்த விரலை அந்தக் கருவி எளிதில் படிப்பதில்லை. இழையும் நாடாவும் தேய்த்த நெசவாளர் விரலையும், மண்வெட்டிக் காப்பு ஏறிய விவசாயி விரலையும் அப்படியே. கடற்கரையோரக் கடை ஒன்றில், முதியவர் ஒருவர் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்து மறுபடியும் வைத்ததை நாம் கண்டிருக்கிறோம். விற்பனையாளர் அவரைப் பிறவி முதல் அறிவார். 'தாத்தா, இன்னொரு தடவை வையுங்க' என்கிறார். கருவி அவரை அறியவில்லை. பின்னர் மாற்று வழிகள் ஏற்பட்டன; கருவிழியைப் பதியும் சாதனங்களும் கடைகளுக்கு வரத் தொடங்கின. கருவியை வாங்குமுன் ஒரு மீனவர் ஊரிலும், ஒரு நெசவாளர் தெருவிலும், அரைநாள் அதை வைத்துப் பார்த்திருந்தால் இந்த மாற்று வழிகள் முதல் நாளிலேயே இருந்திருக்கும். சிறிய இடத்தில் சோதித்துப் பின் விரிப்பது என்பது எளிய விவசாய அறிவே. புதிய விதையை முழு வயலிலும் எவரும் முதலாண்டில் விதைப்பதில்லை.

நல்ல எடுத்துக்காட்டும் கூறவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை மறந்தவர் இல்லை. ஆலந்தலைக்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது; திருவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ரூ.6,000 வீதமும், பிற இடங்களில் ரூ.1,000 வீதமும் வழங்க அரசாங்கம் முடிவு செய்தது. அது நியாய விலைக் கடைகளின் வழியாக, டோக்கன் முறையில், ரொக்கமாகவே வழங்கப்பட்டது. அச்சமயத்தில் புதிய விண்ணப்பம் கேட்டிருந்தால், ஆவணங்கள் வெள்ளத்தில் போன குடும்பங்கள் என்ன செய்திருக்கும்? ஏற்கெனவே இருந்த அட்டை, ஏற்கெனவே இருந்த கடை, ஏற்கெனவே முகம் அறிந்த விற்பனையாளர் ஆகிய மூன்றையும் கொண்டு வேலை முடிந்தது. அக்கடைகளில் மிகப் பெரும்பான்மையானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடலாம். குறையும் இல்லாமல் இல்லை. அட்டைதான் அளவுகோல் என்றபோது, நனைந்த வீட்டுக்கும் மிதந்துபோன வீட்டுக்கும் ஒரே தொகை. படகு, பயிர், கால்நடை இழப்புக்குத் தனி நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதற்கான கணக்கெடுப்பு வேறு வழி, வேறு காலம். அவசரத்தில் சமமாகவும், அமைதியில் இழப்புக்கேற்பவும் கொடுப்பது என்று இரண்டையும் தொடக்கத்திலேயே இணைத்து வகுக்க ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

தடைக்கால நிவாரணத்தையும் பார்ப்போம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. 2017-க்கு முன் அது 45 நாட்களாக இருந்தது. மீன் இனம் பெருக இது வேண்டுவதே. அக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. வெள்ளத்தைப் போல இது திடீரென்று வரும் இடர் அன்று. ஆண்டுதோறும் நாட்காட்டியில் குறித்து வைக்கத்தக்க தேதி. அப்படியிருக்கப் பட்டியல் சரிபார்ப்பு மார்ச்சிலேயே முடிந்து, பணம் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் சேர்வதே முறை. முதல் வாரத்தில் வரும் பணம் அரிசியாகும். ஐந்தாவது வாரத்தில் வரும் அதே பணம் வட்டிக்காரருக்குப் போகும். தொகை மாறவில்லை, தேதி மட்டுமே மாறியது. தொகையைக் கூட்டுவது அமைச்சரவையின் வேலை. தேதிக்குப் பொறுப்பேற்பது எவருடைய வேலை என்று கேட்டால் இன்று விடையில்லை. நெசவுக் கூலியும் பயிர்க்கடனும் இவ்வாறே. விதைப்பு முடிந்தபின் வரும் கடன், கடன்மேல் கடன்.

மூன்றாவதாக, அவருக்கு எண்ணத் தெரிய வேண்டும். அரசாங்கத்தின் செலவை மட்டுமன்று, ஜனங்களின் செலவையும். ஒரு சான்றிதழுக்காக முந்நூறு குடும்பங்கள் ஆளுக்கு அரைநாள் இழக்கின்றன எனக் கொள்வோம். நூற்றைம்பது நாள் உழைப்பு ஓர் ஊரில் மட்டும் போயிற்று. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இது ஏறுவதில்லை. மேலும் அச்சான்றிதழ் பெரும்பாலும் அரசாங்கத்தின் பதிவேட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. சிட்டாவும் அடங்கலும் அரசாங்கத்தினுடையவை. பயிர்க்கடன் தரும் சங்கம் அரசாங்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. இடையில் விவசாயி தபால்காரராகிறார்! எஸ்தோனியா என்னும் சிறு நாட்டில், ஒரு குடிமகனிடம் ஒருமுறை பெற்ற விவரத்தை அரசாங்க அலுவலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டுமே தவிர, மறுபடியும் அவரைக் கேட்கலாகாது என்பதை நெறியாகவே கொண்டிருக்கிறார்கள். அதற்கான இணைப்பு 2001 முதல் அங்கே இயங்குகிறது. நம் மாநிலத்திலும் சிட்டா இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதை அச்சிட்டு எடுத்துவருமாறு கேட்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மறுத்துச் சொல்லும் துணிவு வேண்டும். கருவி விற்பவர் அழகிய படங்களுடன் வருவார். மேலதிகாரி திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிடுவார். 'இது இன்னும் ஆயத்தமாகவில்லை. இவ்விரண்டு கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கினால்தான் ஒப்புவேன்' என்று சொல்லவும், சொன்னது நடக்கவும் அதிகாரம் இருக்க வேண்டும். அதிகாரமற்ற வடிவமைப்பாளர் சுவரொட்டி வரைபவராகவே முடிவார். அவருக்குக் கீழ் இளைஞர்களைப் பயிற்றுவிப்பதும் அவர் கடமை. ஒவ்வோர் இளைஞரையும் ஆண்டில் ஒரு மாதமேனும் கடைமேசையிலும் சங்க வாசலிலும் உட்காரவைக்க வேண்டும். தமிழில் தெளிவாக எழுதக் கற்பிக்க வேண்டும். 'மேற்படி நேர்வில் உரிய முன்மொழிவு' என்று எழுதினால் எந்த மீனவப் பெண்மணிக்குப் புரியும்?

ஏற்கெனவே உத்தியோகங்கள் மிகுதி, மற்றுமொரு பதவி எதற்கு என்ற ஆட்சேபத்தை நாம் அறிவோம். அது அசட்டையாகத் தள்ளத்தக்கதன்று. புதிய பதவி புதிய படிவங்களைப் பிறப்பிக்கும் என்ற அச்சத்துக்கு நம் இலாக்காவிலேயே சாட்சிகள் உண்டு. ஆகவே அவருடைய வேலையை அளக்கும் கோல் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: சென்ற ஆண்டு ஓர் அங்கத்தினர் ஒரு பயனுக்காக நான்கு முறை அலைந்தாரா, இவ்வாண்டு எத்தனை முறை? இந்த எண் குறையாவிட்டால் பதவியை எடுத்துவிடலாம். தேர்வு எழுதி மேலே வந்தவரைக் காட்டிலும், கீழிருந்து வந்த நல்ல ஆய்வாளரோ, சங்கச் செயலாளரோ, மீன்வளச் சார் ஆய்வாளரோ இப்பதவிக்குப் பொருத்தமானவர் என்பது நமது எண்ணம். இது நமது இனத்தவருக்கான பரிந்துரை என்று சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

இதனிடையே சங்கங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்கமும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போட்டு, திட்டத்தின் பெயர், அங்கத்தினர் முதன்முதலில் வந்த தேதி, பயன் கிடைத்த தேதி, இடையில் அலைந்த தடவைகள் ஆகியவற்றைக் குறித்து வரட்டும். பெயர்கள் வேண்டியதில்லை. மார்ச் முடிவில் அதைக் கூட்டிப் பொதுப்பேரவையில் படித்து, தீர்மான நகலோடு துணைப்பதிவாளருக்கு அனுப்பலாம். நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறைக்கும், மீனவர் சங்கங்கள் மீன்வளத் துறைக்கும் அனுப்பட்டும். நம் சரகத்திலுள்ள சங்கங்களுக்கு வரும் மாதத் தணிக்கையின்போது இந்நோட்டுக்கு மாதிரிப் பக்கம் ஒன்றை எடுத்து வருகிறோம்.